சோடியை இறக்கியதும் வாகனத்தில் தனித்து நிற்கும் குதிரை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு தம்பி இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறார். ஒன்று ஆறு வயதுப் பெண் குதிரை, மற்றது காயடித்த ஆண். கலியாண ஊர்வலத்துக்கும் கோயில் விசேஷங்களுக்கும் இரண்டையும் ஒரே கன்ரரில், அதாவது மூடிய பெட்டி வைத்த சின்ன லொறியில், ஏற்றிக்கொண்டு போகிறார். வாகனம் ஓடும்போது ஒரு கரைச்சலும் இல்லை. போன இடத்தில் ஆண் குதிரையை இறக்கி அலங்கரிக்கக் கொண்டுபோனதும், உள்ளே நிற்கிற பெண் குதிரை விடாமல் கனைக்கிறது, தகரத்தை உதைக்கிறது, வியர்த்து நனைந்துவிடுகிறது. போன கிழமை பின்காலைக் கிழித்துக்கொண்டது. வருகிற வெள்ளிக்கிழமை இன்னொரு கலியாணம் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஊசி போட்டு நிற்கப் பண்ணலாமா, இது குணக்கேடா என்று கேட்கிறார்.

தம்பி, குணத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் காலைப் பாருங்கள். வீட்டு விலங்குகளுக்குள் ஏற்பு நோய்க்கு (ரெற்றனஸ்) மிக எளிதில் ஆட்படுவது குதிரைதான். அந்தக் கிருமி மண்ணிலும் சாணியிலும் கிடக்கிறது. தகரம் கிழித்த சின்னக் காயம், ஆழமாக இருந்தால், அதற்குப் போதும். ஏற்புத் தடுப்பூசி எப்போது போட்டது என்று உங்களுக்கு நினைவில்லாவிட்டால் இன்றைக்கே மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள். அடுத்தது, பழக்கி முடியும் வரைக்கும் அவளை வாகனத்துக்குள் தனியே விடாதீர்கள். இறக்கினால் இரண்டையும் இறக்குங்கள். ஒன்றுக்குத்தான் வேலை என்றால் மற்றதை ஓர் ஆள் பக்கத்து மர நிழலில் பிடித்தபடி நிற்கட்டும். பழக்குகிற நாட்களில் ஒரே ஒரு தரம் அவள் மறுபடி பதறினாலும் பத்து நாள் உழைப்பு கரைந்துவிடும்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். இது குணக்கேடு இல்லை, பயம். நெடுந்தீவுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். போகாவிட்டால் ஒரு நாள் குறிகட்டுவானில் படகேறிப் போய், அங்கே வெளியில் மேய்கிற குதிரைகளைத் தூர நின்று ஒரு மணித்தியாலம் பாருங்கள். அவை தனித்தனியாக மேய்வதில்லை. சின்னச் சின்னக் கூட்டமாகத்தான் நிற்கும். ஒன்று தலை குனிந்து மேயும்போது இன்னொன்று நிமிர்ந்து நிற்கும். கூட்டத்தை விட்டு ஒன்று சற்று விலகிப்போனால் நின்று, காதை நிமிர்த்தி, நீளமாகக் கனைத்து, பதில் வந்ததும் அந்தத் திசைக்கு ஓடும். குதிரை ஓடித் தப்புகிற விலங்கு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதற்கு இரண்டே வழிதான்: பக்கத்தில் கூட்டம் இருக்க வேண்டும், முன்னால் ஓட இடம் இருக்க வேண்டும். கன்ரருக்குள் தனியே நிற்கும்போது இரண்டும் இல்லை. அதன் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை வட்டத்தைப் பார்க்கக்கூடிய விலங்கு அது. அந்தக் கண்ணுக்கு முன்னால் நாலு பக்கமும் தகரம் மட்டும்தான் தெரிகிறது.

ஓடும்போது ஏன் பிரச்சினை இல்லை என்றும் யோசித்திருப்பீர்கள். ஓடுகிற வாகனத்தில் அவளுக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்குக்கும் காலை அகட்டிச் சமநிலை பிடிக்க வேண்டும். துணையும் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாகனம் நின்றதும் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகிறது. தாழ்ப்பாள் சத்தம், ஏறி இறங்குகிற பலகை விழுகிற சத்தம், துணை மறைகிறது, வெளியே அது கனைப்பது கேட்கிறது, தெரியாத இடத்து மணம், தவில். அவள் போக முடியாது. இதில் மிக மோசமானது துணையின் குரல் கேட்பதுதான் என்று நான் நினைக்கிறேன். குரல் கேட்கிறது, ஆனால் ஆளைக் காணவில்லை. சவாரி மாடு வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள், சோடியில் ஒன்றை லொறியால் இறக்கினால் மற்றது கத்துகிற கத்தலை அவர்கள் சொல்வார்கள். மாடு கத்தும், கயிற்றை இழுக்கும். குதிரை அப்படி நிற்காது. அது பாயும்.

அதை நான் கண்ணால் கண்டவன். இங்கிலாந்தில் ஒரு லாயத்தில் 11 வருடம் வேலை செய்தேன். முதலாவது வருடம், இரண்டு குதிரைகளைக் கொண்டுபோய் ஒன்றை இறக்கிக் கொடுத்துவிட்டு, கடதாசியில் கையெழுத்து வைக்க உள்ளே போனேன். கால் மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. வாகனத்தில் விட்டுப்போன குதிரை முன்கால் இரண்டையும் நெஞ்சுக் கம்பிக்கு மேலே போட்டு, வயிற்றில் தொங்கிக்கொண்டு நின்றது. அதை எடுக்க மூன்று பேரும் ஒரு வாளும் தேவைப்பட்டன, கம்பியை அறுத்துத்தான் இறக்கினோம். அது உயிர் தப்பியது. ஆனால் பிறகு ஒரு வருடத்துக்கு எந்த வாகனத்திலும் ஏறவில்லை. நான் உள்ளே போகும் முன்பே அது இரண்டு தரம் முன்காலால் தரையைச் சுரண்டியது. நான் பார்த்தேன், கவனிக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பதற்றம் திடீரென்று வருவதில்லை. முதலில் தின்பதை நிறுத்தும். வாயில் புல் இருக்கும், மெல்லாது. பிறகு தலை உயரும், காது ஒரு திசையில் குத்தி நிற்கும், நாசி விரியும். பிறகு முன்காலால் சுரண்டும், தளதளவென்று சாணி போடும். கனைப்பு அதற்குப் பிறகுதான். கழுத்தடியிலும் பின்தொடைகளுக்கு இடையிலும் வெள்ளையாக நுரைத்த வியர்வை கண்டால் நீங்கள் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள். அவள் மெல்லுவதை நிறுத்துகிற அந்த முதல் அடையாளத்தைப் பிடிக்கப் பழகுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

நாடி பார்க்கவும் பழகுங்கள். தாடை எலும்பின் கீழ்விளிம்பில் விரலை வைத்தால் கயிறு மாதிரி ஒரு இரத்தக்குழாய் உருளும். அதை மெல்ல அழுத்தி 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வாக நிற்கிற வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வீட்டில் அமைதியாக நிற்கும்போது ஒரு கிழமை தினமும் எண்ணி அவளுடைய கணக்கைத் தெரிந்து வைத்திருங்கள். பழக்கும்போது அது 60ஐத் தாண்டினால் அன்றைய படி அவளுக்குப் பெரிது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

சரி, பழக்குகிற விதம்.

முதல் கிழமை வாகனமே வேண்டாம். உங்கள் காணியில், அவளுக்குப் பழகிய இடத்தில், தண்ணீரில் நனைத்த புல்லை முன்னால் போடுங்கள். அவள் தின்று கொண்டிருக்கையில் மற்றவனை ஓர் ஆள் பத்தடி தள்ளிக் கொண்டுபோய், அவள் தலை நிமிர்த்தும் முன்பே திருப்பிக் கொண்டுவரட்டும். அவ்வளவுதான். இதைப் பத்துத் தரம் செய்யுங்கள். அடுத்த நாள் இருபது அடி. பிறகு வீட்டு மூலைக்கு அப்பால் மறைந்து, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு வரட்டும். அவள் பார்த்தாள், ஆனால் திரும்பத் தின்னத் தொடங்கினாள் என்றால் நல்லது. பார்த்துக்கொண்டே நின்றாள் என்றால் தூரத்தைக் குறையுங்கள்.

இதில் எல்லோரும் விடுகிற பிழை ஒன்று இருக்கிறது. ஐந்து எண்ணினோம், பத்து எண்ணினோம், அடுத்தது இருபது, அடுத்தது ஐம்பது என்று ஏறிக்கொண்டே போவது. அப்படிச் செய்தால், ஒவ்வொரு தரமும் முந்தியதைவிடக் கடினமாகத்தான் வரும் என்று குதிரை படித்துவிடும். இருபதுக்குப் பிறகு மூன்று, பிறகு பதினைந்து, பிறகு ஐந்து, பிறகு இருபத்தைந்து என்று கலந்து கலந்து போங்கள். துணை போகும், வரும், சில நேரம் உடனே வரும் என்பது அவள் உடம்பில் பதிய வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நல்லபடியாகப் போகிறது என்று இன்னும் ஒரு தரம் பார்ப்போம் என்று நினைப்பீர்கள். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

அவள் கனைக்கும்போது துணையைக் கொண்டுவந்தால் கனைக்கப் பழகிவிடுவாள் என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. சாதாரணமாக ஒரு தரம் கூப்பிட்டால், அவள் மூச்சு விட்டு வாயை அசைக்கும் வரை சற்றுப் பொறுத்துத் துணையைக் கொண்டுவரலாம். ஆனால் பதறத் தொடங்கினால் பொறுக்கக் கூடாது, உடனே கொண்டு வாருங்கள். பயந்து நடுங்குகிற குதிரை அந்த நேரத்தில் எதையும் படிக்காது, இந்த இடம் ஆபத்து என்பதை மட்டும்தான் படிக்கும். கத்திக் களைத்தால் தானே அடங்கும் என்று விட்டுவிடுகிற முறையை நான் முழுதாக எதிர்க்கிறேன். அடங்கின மாதிரித் தெரியும், ஆனால் அது ஓய்ந்துபோன உடம்பு. அடுத்த தரம் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். அடிப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பயத்துக்கு அடித்தால் பயம் இரண்டாகும்.

இரண்டாவது கட்டத்துக்கு வாகனத்தை உங்கள் வளவுக்குள் நிழலில், எஞ்சினை நிற்பாட்டி விடுங்கள். இரண்டையும் ஏற்றுங்கள், தின்னக் கொடுங்கள், இரண்டையும் இறக்குங்கள். நாலைந்து நாள் இது மட்டும். இதற்கு நடுவே இன்னொன்று செய்யுங்கள். இரண்டும் உள்ளே நிற்கும்போது தாழ்ப்பாளைத் திறந்து பூட்டுங்கள், பலகையை இறக்கித் திரும்ப உயர்த்துங்கள், ஒருவரையும் வெளியே எடுக்காதீர்கள். அந்தத் தாழ்ப்பாள் சத்தம்தான் அவளுக்கு இப்போது 'துணை போகப்போகிறது' என்ற செய்தி. ஒரு நாளைக்கு இருபது தரம் அந்தச் சத்தம் கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அந்தச் செய்தி பொய்யாகிவிடும். நான் பழக்கிய குதிரைகளில் பாதிக்குப் பாதி இந்த ஒரு காரியத்திலேயே தணிந்தது.

பிறகு அவனைப் பலகையில் பாதி வரை இறக்கித் திரும்ப ஏற்றுங்கள். பிறகு நிலம் வரை. பிறகு அவள் கண்ணுக்கு முன்னால் நிற்கட்டும். பிறகு மறைந்து மூன்று எண்ணி வரட்டும். வீட்டு மூலையில் செய்த அதே கலவைக் கணக்குத்தான். சில நாள் அவளை முதலில் இறக்கி அவனை உள்ளே விடுங்கள், எப்போதும் தான்தான் கடைசி என்று அவள் முடிவுகட்டக் கூடாது. சில நாள் அவளை மட்டும் ஏற்றி, ஒரு பிடி கொள்ளுத் தின்னவிட்டு, உடனே இறக்குங்கள். இதெல்லாம் அமைதியாக நடந்தால் எஞ்சினை ஓடவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் ஒழுங்கைக்குள் இருநூறு மீற்றர் ஓட்டி, நிறுத்தி, செய்யுங்கள். பிறகு கூட்டாளி ஒருவரின் வளவில். பிறகு திருவிழா இல்லாத ஒரு மத்தியானம், ஆளில்லாத கோயில் வீதியில். கடைசியாகத்தான் உண்மையான விசேஷம்.

மேளமும் வெடியும் வேறு பாடம். தவில் சத்தத்தைத் தொலைபேசியில் மெதுவாகப் போட்டு, இரண்டும் சேர்ந்து தின்னும்போது பழக்குங்கள். தனிமையைப் பழக்குகிற அன்றைக்கு அதைக் கலக்காதீர்கள். ஒரு நாளில் ஒரு பயம் போதும்.

எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்பீர்கள். காயம்படாத, இலேசாகப் பதறுகிற குதிரைக்கு மூன்று நாலு கிழமை போதும். காயப்பட்ட குதிரைக்கு மாதக் கணக்கு. உங்களுடையது இரண்டாவது.

இவ்வளவும் வேர். கைகொடுக்கிற விஷயங்கள் சில இருக்கின்றன, அவற்றை வேருக்குப் பதிலாக வைக்கக் கூடாது. முதலாவது தீன். மெல்லுகிற குதிரை அமைதியாகும், அமைதியான குதிரை மெல்லும். வலைப்பையில் புல்லோ வைக்கோலோ போட்டுக் கட்டுங்கள். தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள், மூடிய வாகனத்துக்குள் காய்ந்த வைக்கோலின் தூசி சுவாசத்துக்குக் கூடாது. வலை வெறுமையாகித் தொங்கும்போதும் முன்கால் அதில் மாட்டாத உயரம் வேண்டும்.

இரண்டாவது கண்ணாடி. 2009 இல் இங்கிலாந்தில் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. பயணத்துக்குப் பழகிய குதிரைகளை ஓடுகிற வண்டியில் மூன்று விதமாகக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள்: உயிருள்ள துணையோடு, கண்ணாடியோடு, தனியே. தனியே போனபோது கனைப்பும், திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், தலையை உதறுவதும், காலால் சுரண்டுவதும் கூடின. கண்ணாடி இருந்தபோது கனைப்பும் திரும்பிப் பார்ப்பதும் தலை உதறலும் குறைந்து, தின்பது கூடியது. ஆனாலும் துணையோடு போனதுதான் எல்லாவற்றிலும் மேல். ஆகவே கண்ணாடி உதவும், துணைக்கு ஈடாகாது. வீட்டுக் கண்ணாடியை ஒருபோதும் மாட்டாதீர்கள். உடையாத அக்ரிலிக் தகடு, அல்லது நன்றாக மினுக்கிய எவர்சில்வர் தகடு, விளிம்பு கூர் இல்லாமல், தலை உயரத்தில், அசையாமல் பூட்டியிருக்க வேண்டும். முதலில் கொட்டிலில் வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் தெரிகிற குதிரையைக் காதை மடக்கிக்கொண்டு கடிக்கப் போகிற குதிரையும் உண்டு. உங்களுடையது அப்படியானால் அந்த எண்ணத்தை விடுங்கள்.

மூன்றாவது ஆடு. எங்கள் ஊரில் இதைவிட எளிதான துணை கிடையாது. கோப்பாயில் என் குதிரைக்குத் துணை ஒரு மறியாடுதான், நாலு வருடமாக ஒரே கொட்டிலில் படுக்கின்றன. வாகனத்திலும் கூடவே வரும். ஆனால் ஏற்றுகிற அன்று வாங்கி உள்ளே விடக் கூடாது. இரண்டு மூன்று கிழமையாவது ஒன்றாக மேய்ந்து ஒன்றை ஒன்று தேட வேண்டும். வாகனத்தில் ஆட்டுக்குத் தனித் தடுப்பு வேண்டும், குளம்புக்குள் அகப்பட்டால் ஆடு தப்பாது.

மனிதத் துணையும் துணைதான். பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் குதிரைகள் ஒன்றை ஒன்று பல்லால் சுரண்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். 1993 இல் பிரான்சின் கமார்க் குதிரைகளில் செய்த ஓர் ஆய்வில், அந்த இடத்தை மனிதர் கையால் சுரண்டிவிட்டாலும் இதயத் துடிப்பு குறைவதைக் கண்டார்கள். கழுத்தில் படபடவென்று தட்டுவதைவிட அந்த மேட்டில் நகத்தால் ஆழமாக, மெதுவாகச் சுரண்டிக் கொடுங்கள். பக்கக் கதவு வழியாக எட்டக்கூடிய இடத்தில் நின்று செய்யுங்கள். பதறுகிற குதிரையோடு உள்ளே ஒரே தடுப்புக்குள் நிற்கக் கூடாது. நானூறு கிலோ சாய்ந்தால் மனித விலா எலும்பு தாங்காது.

உங்கள் கன்ரரைப் பற்றி. குதிரைக்கென்று செய்த வாகனம் இங்கே இல்லை, சாமான் ஏற்றுகிற பெட்டிக்குள் பலகை அடித்துத்தான் எல்லோரும் கொண்டுபோகிறோம். அதனால் தரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கால் வழுக்குகிற குதிரை அமைதியாக நிற்கவே நிற்காது, எவ்வளவு பழக்கினாலும். தடித்த இறப்பர் விரிப்பு நல்லது. அதற்கு மேல் மரத்தூளோ தும்போ தூவினால் மூத்திரத்தில் வழுக்காது. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற தகர விளிம்பு, ஆணி, கொளுவி எல்லாவற்றையும் இருட்டில் கையால் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள். அவள் காலைக் கிழித்ததும் அப்படி ஒன்றாகத்தான் இருக்கும். பக்கத் தடுப்பு தரை வரைக்கும் பெட்டி மாதிரி இறுக்கமாக இருக்கக் கூடாது, காலை அகட்டி நிற்க அவளுக்கு இடம் வேண்டும். அகட்ட முடியாவிட்டால் சுவரில் ஏறிச் சவாரி செய்கிற மாதிரி உதைக்கத் தொடங்கும்.

கட்டுகிற கயிற்றுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு சணல் நூல் வளையம் போடுங்கள். குதிரை முழுப் பலத்தோடு இழுத்தால் நூல் அறும், கழுத்து முறியாது. நைலோன் அறாது. ஏற்றும்போது முதலில் பின் கம்பியைப் பூட்டுங்கள், பிறகுதான் தலையைக் கட்டுங்கள். இறக்கும்போது முதலில் தலையை அவிழுங்கள், பிறகுதான் பின் கம்பி. மாறிச் செய்தால், கட்டியிருக்கிற குதிரை பின்வாங்கி, கயிறு இழுபட்டு, பலகையில் விழும். அவனை இறக்குகிற அவசரத்தில்தான் இந்தப் பிழை வருகிறது.

நிறுத்துகிற இடம். பின்னேரக் கலியாணம் என்றால் வாகனம் மூன்று மணி வெயிலில் நிற்கும். மூடிய தகரப் பெட்டிக்குள் குதிரையின் உடம்புச் சூடும் சேரும். வேம்போ பூவரசோ பார்த்து, நிழல் எந்தப் பக்கம் நகரும் என்றும் பார்த்து நிறுத்துங்கள். சோழகம் வீசுகிற மாதங்களில் காற்று உள்ளே நுழைகிற பக்கத்துக்குக் கதவைத் திருப்புங்கள். மேல் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், தறப்பாளை இழுத்து மூடாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டுப் புகையை உள்ளே அடிக்கவிடாதீர்கள். பயத்தில் வியர்க்கிற குதிரையும் வெப்பத்தில் வியர்க்கிற குதிரையும் வெளியில் ஒரே மாதிரித்தான் தெரியும், வெப்பம் கொல்லும்.

தண்ணீரை வீட்டிலிருந்து கானில் கொண்டுபோங்கள். குதிரை தெரியாத தண்ணீரை முகர்ந்துவிட்டு விட்டுவிடும். எங்கள் குடாநாட்டில் பத்து மைலுக்குள் நன்னீரும் உவரும் மாறிமாறி வருகிறது. வலிகாமத்துக் கிணற்றில் குடித்த குதிரை தீவுப்பகுதிக் கிணற்றில் வாய் வைக்காமல் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு 25 முதல் 50 லீற்றர் குடிக்கிற விலங்கு அது, வெயிலில் இன்னும் கூட.

வவுனியாவுக்கோ அதற்கு அப்பாலோ போகிற நாட்களுக்கு ஒரு வார்த்தை. தலையை உயர்த்திக் குட்டையாகக் கட்டி மணிக்கணக்கில் வைக்காதீர்கள். குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயில் சேர்கிற சளியையும் கிருமியையும் வெளியேற்றும். உயர்த்திக் கட்டினால் சில மணித்தியாலங்களிலேயே கிருமி பெருகி நுரையீரலுக்கு இறங்கும். பயணம் முடிந்து இரண்டு மூன்று நாளுக்குள் சோர்ந்து நின்றாலோ, இருமினாலோ, உடம்புச் சூடு 38.5 பாகையைத் தாண்டினாலோ வைத்தியரைக் கூப்பிடுங்கள். தனியே நிற்கிற குதிரை பதறும் என்ற பயத்தில் குட்டையாகக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது நிறுத்தி, தலையை அவிழ்த்து, தாழ்த்தித் தின்னவும் குடிக்கவும் விடுங்கள்.

இப்போது ஊசி. வேண்டாம். மயக்குகிற மருந்து உடம்பைத் தளர்த்தும், பயத்தை எடுக்காது. வழக்கமாகக் குதிரைக்குக் கொடுக்கிற அசெப்ரோமசீன் இரத்த அழுத்தத்தை இறக்கும். ஏற்கெனவே வியர்த்து நீர் இழந்த குதிரைக்கு அது ஆபத்து. ஆண் குதிரைகளில் ஆணுறுப்பு உள்ளே இழுபடாமல் செயலிழக்கிற அரிய விளைவும் அதற்கு உண்டு. சைலசீன் என்ற மற்ற மயக்க மருந்து போட்ட குதிரை தூங்குகிற மாதிரி நின்றுவிட்டு, தொட்டதும் குறி தவறாமல் உதைக்கும். மருந்தின் தளர்ச்சியில் கால் தடுமாறுகிற குதிரை ஓடுகிற வாகனத்தில் சமநிலை பிடிக்காது. பதறத் தொடங்கிய பிறகு போட்டால் பெரும்பாலும் வேலையும் செய்யாது. காயத்துக்குச் சிகிச்சைக்காக அவசரமாக ஏற்ற வேண்டி வந்தால் மிருக வைத்தியர் பார்த்து, அளவு கணக்கிட்டு, அவரே போடட்டும். கலியாண வேலைக்காக நீங்கள் போடுகிற விஷயம் இல்லை இது.

எல்லாம் செய்தும் ஒரு நாள் பதறிவிட்டால், பின்பலகையைத் திறக்காதீர்கள். திறந்தால் வெளிச்சத்தைக் கண்டு பின்னால் பாய்வாள், பின்னால் நிற்கிறவர் மேல் விழுவாள். சுற்றி நிற்கிற ஆட்களையும் பிள்ளைகளையும் விலக்குங்கள். மேளத்தை ஐந்து நிமிடம் நிற்பாட்டச் சொல்லுங்கள், கலியாண வீட்டார் கேட்பார்கள், நம்முடைய ஆட்கள் அந்தளவுக்கு நல்லவர்கள். அவனைக் கொண்டுவந்து, அவள் பார்க்கக்கூடிய பக்க ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவள் மூக்கால் அவனை முகர்ந்து, தலையைத் தாழ்த்திய பிறகுதான் தலையை அவிழ்த்து, பின்னால் திறவுங்கள். யாரும் கத்த வேண்டாம், ஓட வேண்டாம். ஒருவர் மட்டும் பேசட்டும், தாழ்ந்த குரலில்.

சில குதிரைகள் இவ்வளவுக்குப் பிறகும் தனியே நிற்காது. அது உங்கள் தோல்வியும் இல்லை, அதன் குற்றமும் இல்லை. அப்படியானால் அவளுக்கு எப்போதும் துணை உண்டு என்று உங்கள் வேலையைத் திட்டமிடுங்கள். ஆளும் ஆடும் கூட்டிப்போகிற செலவைக் கலியாணக் கூலியில் முதலே சேர்த்துக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு அவனை மட்டும் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள், வீட்டில் தனியே நிற்கிற அவள் வேலியைப் பாய்வாள். காயத்தைப் பார்த்து வைத்தியர் பயணம் போகலாம் என்றால் இரண்டையும் கொண்டுபோய், இரண்டையும் ஒன்றாக இறக்கி, அவளை நிழலில் பிடிக்க ஒருவரைக் கூட்டிப்போங்கள். வைத்தியர் வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமை வேலையை விட்டுவிடுங்கள். ஞாயிறு காலையில் எனக்கு வேலை இல்லை. வரச் சொன்னால் வந்து கன்ரருக்குள் இறங்கி அந்தத் தகர விளிம்பைத் தேடித் தருகிறேன், தாழ்ப்பாள் பாடத்தையும் அன்றைக்கே தொடங்கலாம்.